செக்ரோலில் தேட வேண்டிய றக்பி



மலையக விளையாட்டு வரலாற்றுக்கென்று ஒரு கருத்தரங்கு கூடுவதும், அது கொஸ்லந்தவில் கூடுவதும் எனக்கு மனநிறைவைத் தருகின்றன. பேராதனையிலோ கொழும்பிலோ நடத்தியிருந்தால் வசதிகள் கூடியிருக்கும். ஆனால் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இந்த முதியவர்கள் அங்கே வந்திருக்க மாட்டார்கள். இந்த ஊரில் கூடுகிறவர்கள் மீரியபெத்தையை நினைக்காமல் எதையும் தொடங்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது உயிர்களோடு சேர்ந்து அந்தக் குடும்பங்களின் அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் கல்யாணப் படங்களும் மண்ணுக்குள் போயின. இறந்தவர்களுக்கு நம் அஞ்சலி. எஞ்சியிருக்கும் தாள்களையும் நினைவுகளையும் சேர்த்து வைக்க வேண்டிய அவசரம் இந்த ஊருக்குத் தெரிந்த அளவு வேறெந்த ஊருக்கும் தெரியாது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது தோட்டத் துரைமார் ஆடிய றக்பி. டிக்கோயா, டிம்புல, களனிவெளி, கண்டி, நம்முடைய ஊவா ஜிம்கானா கிளப் என்று மலைநாட்டிலும் அதன் அடிவாரத்திலும் இருந்த கழகங்கள் ஒன்றோடொன்று மோதின. கொழும்புக் கழகங்களோடு கிளிஃபர்ட் கிண்ணத்துக்கும் ஆடின. இப்போது றக்பி என்றால் ஊவாவைப் பற்றிப் பேச ஆளில்லை. வட்டாரக் கழகங்களின் வரலாறு எங்கும் இப்படித்தான் மறைகிறது. வென்ற கழகம் தன் வரலாற்றைத் தானே எழுதிக்கொள்ளும். மூடப்பட்ட கழகத்தின் வரலாற்றை அடுத்த ஊர்க்காரர்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1879இல் கொழும்பில் ஒரு காற்பந்துக் கழகம் உருவாகி, அதே ஆண்டில் அங்கே முதல் றக்பி ஆட்டம் நடந்தது. 1891இல் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில் எல். ஈ. பிளேஸ் மாணவர்களுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். 1906இல் கிங்ஸ்வூடும் திரித்துவக் கல்லூரியும் மோதின. பாடசாலைகளுக்கிடையிலான முதல் ஆட்டம் அதுதான். 1908இல் இலங்கை றக்பிச் சங்கம் அமைந்தது. 1922இல் உள்நாட்டவருக்கென சிஆர் அன்ட் எஃப்சி தோன்றியது. ஓட்டவீரர் சும்மா நவரத்தினம் அந்தக் கழகத்துக்கும் நாட்டுக்கும் ஆடிய தமிழர். இவை ஏற்கெனவே எழுதப்பட்டவை.

மலைநாட்டுக் கதையை நான் கோப்பியிலிருந்து தொடங்குவேன். 1869இல் நம் மாகாணத்து மடுல்சீமையில் முதலில் கண்ட இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் மாதங்களில்தான் ஆள் கூட்டம் தேவைப்பட்டது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். அதனால் நம் முன்னோர் வந்துபோகும் கூலிகளாக இல்லாமல் லயத்தில் தங்கிவிட்டார்கள். அதே காரணத்தால் பெரிய துரையின் கீழ் ஒன்றிரண்டு சின்னத்துரைமாரும் ஆண்டு முழுவதும் தோட்டத்தில் தங்கினார்கள். இவர்களில் பலர் இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் பாடசாலை முடித்த கையோடு கப்பலேறிய இளைஞர்கள், கல்யாணமாகாதவர்கள். பங்களாத் தனிமைக்கு மாற்றாக அவர்களுக்குக் கிடைத்தது கிளப்பு. அங்கே டென்னிஸ், குதிரை, சாராயம், றக்பி எல்லாம் இருந்தன. லயமும் கிளப்பும் ஒரே பயிரால் வந்தவை என்பதை நம் ஆய்வுகள் அடித்தளமாகக் கொள்ள வேண்டும்.

ஊவாவின் தனித்தன்மை காற்றிலும் மழையிலும் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில், றக்பிப் பருவம் சூடுபிடிக்கும் நாட்களில், டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் விடாத மழை. ஆட்டம் சேற்றில் நடக்கும். மலைமுகட்டின் இந்தப் பக்கம் நமக்கு வறண்ட காற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காற்றில் காயும் கொழுந்துதான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன வாசத்தைக் கொடுக்கிறது. கொழும்பு ஏலத்தில் விலை ஏறுவதும் அப்போதுதான். தொழிற்சாலை இரவும் பகலும் ஓட வேண்டிய அதே வாரங்களில் சின்னத்துரையைச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு அனுப்பப் பெரிய துரைக்கு மனம் வந்திருக்குமா? ஊவா அணியின் வெற்றி தோல்விகளைத் தேயிலை விலைப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்று வந்தால் நான் முதல் ஆளாக வாசிப்பேன்.

தூரமும் ஒரு விடயம். ரயில் பண்டாரவளைக்கு 1894இல் வந்தது. பதுளைக்கு 1924இல்தான் வந்து சேர்ந்தது. டிம்புலக்காரர்களின் ராதெல்ல மைதானத்துக்குப் போக வெலிமடை, நுவரெலியா என்று மலையேறி இறங்க வேண்டும். களனிவெளிக்காரர்களிடம் போக இதோ நம் வாசலில் ஓடும் இந்த வீதியில்தான் பெரகலைக்கு ஏறி, ஹல்துமுல்ல, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக அவிசாவளைப் பக்கம் இறங்க வேண்டும். ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்கு இவ்வளவு பயணம் செய்ய கார் வேண்டும், பெற்றோல் வேண்டும், திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குத் திரும்பியாக வேண்டும்.

இனி என் மனத்தை நெடுநாளாக அரிக்கும் கேள்விக்கு வருகிறேன். இந்த ஆட்டம் ஏன் மைதானத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி லயத்துக்கு வரவில்லை?

நம் ஆட்களுக்கு உடல்பலம் போதாது என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்கள், உரமூட்டையோடு செங்குத்து மலை ஏறியவர்கள், மழையில் கான் வெட்டியவர்கள் அவர்கள். இங்கிலாந்தில் இதே ஆட்டத்தைச் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் தமதாக்கிக்கொண்டார்கள். அங்கேயும் அது சண்டையில்லாமல் நடக்கவில்லை. சனிக்கிழமை ஆடப் போனால் கூலி போகும். அந்த இழப்புக்கு ஒரு நாளைக்கு 6 ஷில்லிங் வரை ஈடு கொடுக்க வேண்டும் என்று வடக்குக் கழகங்கள் கேட்டன. லண்டன் தலைமை மறுத்தது. ஆட்டத்துக்குக் காசு வாங்குவது கனவான் தன்மைக்கு இழுக்கு என்றார்கள். 1895 ஓகஸ்ட் மாதம் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில் 20க்கும் மேற்பட்ட கழகங்கள் பிரிந்து போயின. மூலச் சங்கம் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளச் சரியாக நூறு ஆண்டுகள் எடுத்தன. 1995இல்தான் அது நடந்தது.

இப்போது அந்தச் சனிக்கிழமையை ஊவாவில் வைத்துப் பாருங்கள். தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலின் ஒரு பக்கத்தை விரித்தால் இடப்பக்கம் பெயர் வரிசை, மேலே திகதிகள், ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைய வேலையின் அடையாளம். கொழுந்து, புல்வெட்டு, கவ்வாத்து, சில்லறை. மத்தியானத்துக்கு மேல் வராதவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. பிரட்டுக்களத்தில் பிந்தி நின்றவருக்குப் பேரே கிடையாது. வலப்பக்கம் அரிசிக்கும் முன்பணத்துக்கும் கழிவு. 1921 வரை துண்டு முறையில் கடனோடு கட்டிவைக்கப்பட்டிருந்த மக்கள் இவர்கள். குறைந்தபட்சக் கூலிக்கான சட்டம் வர 1927 வரை காத்திருந்தார்கள். அரைப்பேரை இழந்து பந்தின் பின்னால் ஓட எந்த வீட்டில் வழி இருந்தது? ஹடர்ஸ்ஃபீல்ட் தொழிலாளி தன் ஈட்டைக் கேட்க அவனுக்கென்று ஒரு கழகம் இருந்தது. நம் ஆட்களுக்கு அதைக் கேட்கும் வாசலே இல்லை. கே. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் அமைத்தபோது கூலியையும் மரியாதையையும் கேட்கவே அவருக்கு நேரம் போதவில்லை.

நிலத்தையும் பாருங்கள். றக்பிக்கு ஏறக்குறைய 100 மீற்றர் நீளமும் 70 மீற்றர் அகலமும் உள்ள சமதரை வேண்டும். இந்த மண்டபத்தின் ஜன்னலுக்கு வெளியே அப்படி ஒரு துண்டு தெரிகிறதா? மலைச்சரிவில் சமதரை தானாகக் கிடைக்காது. மண்வெட்டியால் வெட்டி, கல் அடுக்கி, உருளை இழுத்து உண்டாக்க வேண்டும். தோட்டத்துச் சமதரையில் தொழிற்சாலையும் பிரட்டுக்களமும் கோயிலும் போக மிச்சம் கொஞ்சம்தான். கரப்பந்துக்கு 18 மீற்றருக்கு 9 மீற்றர் போதும். நம் பிள்ளைகள் ஏன் தோட்டத்துக்குத் தோட்டம் கரப்பந்து ஆடுகிறார்கள் என்ற கேள்விக்கு ஆர்வம், பண்பாடு என்று பெரிய சொற்களைத் தேடுவதற்கு முன் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு லயத்து வாசலுக்குப் போங்கள்.

பாடசாலையும் அடைத்தே இருந்தது. றக்பி இந்த நாட்டில் பரவியது பாடசாலை வழியாக. தோட்டப் பாடசாலையோ ஒரே அறையில் கீழ்வகுப்புகளோடு முடிந்தது. அவற்றை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977இல்தான். கிளப்பின் கதவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நுவரெலியா ஹில் கிளப் இலங்கையரை உறுப்பினராக ஏற்றது 1960களில். லயத்துப் பக்கம் சாய்ந்த சின்னத்துரைக்கு என்ன நடக்கும் என்பதை மடுல்கலையில் வேலை பார்த்த பிரேஸ்கேர்டில் காட்டினார். தொழிலாளருக்காகப் பேசியதால் 1937இல் அவரை நாடுகடத்த ஆளுநர் உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார் மாறத் தொடங்கினார்கள். கண்டியிலும் கொழும்பிலும் படித்த இலங்கை இளைஞர்கள் சின்னத்துரைமாராக வந்து டிக்கோயாவுக்கும் ஊவாவுக்கும் ஆடினார்கள். இந்தக் காலம்தான் மிகக் குறைவாக ஆராயப்பட்டது; இன்று காலை அமர்வு இதை விரிவாக எடுத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன். 1972இல் நிலச் சீர்திருத்தம் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாகின. துரைமாரின் நியமனமும் இடமாற்றமும் கூட்டுத்தாபனங்களின் கையில் போயின. ஒரு பருவம் முழுக்க ஒரே மாவட்டத்தில் இருப்போம் என்ற உறுதி ஆட்டக்காரனுக்கு இல்லாமல் போனது. முன்னணிப் போட்டிகளில் தோட்டக் கழகங்களின் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. கண்டி கழகம் மட்டும் 1992இல் முதல் லீக் பட்டத்தை வென்று மேலெழுந்தது. அதற்குப் பின்னால் ஒரு நகரமும் பல பாடசாலைகளும் இருந்தன.

அதே ஆண்டுகளில் லயத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1948 சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதியது. மைதானத்தைச் சமன்செய்த கைகளில் எத்தனை இராமேஸ்வரம் போய் இறங்கின, எத்தனை நீலகிரித் தேயிலைக்குப் போயின என்று யாரும் கேட்டதில்லை. ஆகவே ஊவா றக்பியின் சாட்சிகளில் ஒரு பகுதியினர் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கக்கூடும். அங்கே போய்க் கேட்க வேண்டியது நம் வேலை.

ஒப்பிடுவதற்கு இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 1987 வரை நாடு தழுவிய லீக் கிடையாது. பெரும்பாலும் நட்பு ஆட்டங்கள் நடந்தன. அந்த ஆண்டு ஒரு மதுபான நிறுவனத்தின் ஆதரவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கழகங்கள் ஒரே ஏணியில் ஏற்றப்பட்டன. அதன் கீழ்ப்படிகளில் ஒன்று கோர்ன்வால்–டெவன் லீக். 2022இல் பயணத் தூரமும் ஆள் தட்டுப்பாடும் காரணமாகப் படிகளை மாற்றியமைத்தபோது அந்த லீக் மறைந்தது. ஆனால் கழகங்கள் வேறு பெயருள்ள படிகளில் தொடர்ந்து ஆடுகின்றன. கம்போர்னுக்கும் ரெட்ரூத்துக்கும் நடுவில் இருந்த சவுத் குரோஃப்டி தகரச் சுரங்கம் 1998இல் மூடப்பட்டது. அந்த இரண்டு ஊர் அணிகளும் இன்றும் மோதிக்கொள்கின்றன. அங்கே சுரங்கம் போனது, கழகம் நின்றது. இங்கே தேயிலை நிற்கிறது, கழகம் போய்விட்டது. சுரங்கத்து ஊரார் ஆட்டத்தைத் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். இங்கே ஆட்டம் ஒரு பதவிக்குச் சொந்தமாக இருந்தது. பதவி மாறியதும் அதுவும் போனது. ஊவா றக்பி ஏன் அழிந்தது என்ற கேள்விக்கு என் விடை இதுதான். இதை மறுக்கும் சான்று எவரிடமாவது இருந்தால் இந்த மேடையிலேயே வையுங்கள், விவாதிப்போம்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபெர்குசன் டிரெக்டரி, பழைய ஆங்கில நாளிதழ்கள், கழகங்களின் குழுப்படங்கள் எல்லாவற்றையும் பாருங்கள். அவற்றில் பதினைந்து பேரின் பெயர் இருக்கும். பிறகு அதே மாதத்துச் செக்ரோலைத் தேடுங்கள். மைதானத்துப் புல்வெட்டும் உருளை இழுப்பும் சில்லறை வேலைக் கணக்கில் விழுந்திருக்க வாய்ப்புண்டு. அங்கேயும் பெயர்கள் இருக்கும். இரண்டு பட்டியலையும் ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள். தோட்ட நிர்வாகங்கள் பழைய பதிவேடுகளை எரிக்கவும் எடைக்குப் போடவும் முன் பிரதியெடுக்க அனுமதி கேட்போம். இந்தக் கருத்தரங்கின் முதல் தீர்மானமாக அதை நான் முன்மொழிகிறேன்.

பிற்பகல் அமர்வில் கட்டுரை வாசிப்பு இருக்காது. பூனாகலையிலிருந்தும் ஹப்புத்தளையிலிருந்தும் வந்திருக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் பேசுவார்கள். கிளப்பில் பரிமாறியவர்களும் மைதானத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள். மாணவர்கள் ஒலிப்பதிவு செய்வதற்கு முன் அவர்களிடம் சம்மதம் கேளுங்கள். பெயர் போடலாமா என்றும் கேளுங்கள். காலை அமர்வு இப்போது தொடங்குகிறது. முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.