குறட்டையும் புண்ணியச் சாவும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் குறட்டை என்பதாகும். பெயரைச் சொன்னவுடனேயே சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு, பிறகும் சிரிப்பு வருகிறதா என்று பாருங்கள்.

ஒருவன் தெருவே கேட்கும்படி குறட்டை விட்டால், "கவலையற்றவன், கொடுத்து வைத்தவன், எப்படித் தூங்குகிறான் பார்" என்கிறோம். அவனே ஒருநாள் விடியற்காலையில் பாயிலேயே பிணமாய்க் கிடந்தால், "புண்ணியவான், நோகாமல் போய்ச் சேர்ந்தான்" என்கிறோம். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஒரு வியாதி இருக்கக்கூடுமே என்று யாராவது யோசித்ததுண்டா?

தூங்கும்போது தொண்டைச் சதை தளருகிறது; நாக்குப் பின்னால் சரிகிறது. காற்றுப் போகும் வழி குறுகி, சதை அதிர்வதுதான் குறட்டைச் சத்தம். சிலருக்கு அந்த வழி அடியோடு மூடிக்கொள்ளுகிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சே இல்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு ஆளை அரைகுறையாய் எழுப்ப, அவன் "ஹக்" என்று மூச்சை வாங்கி மறுபடி தூங்கிவிடுகிறான். காலையில் ஒன்றும் ஞாபகமிராது. இப்படி மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு நின்றாலும் குறைந்தாலும் அது கடுமையான வியாதி என்பது வைத்தியர்கள் கணக்கு.

ஒவ்வொரு தடவையும் இரத்த அழுத்தம் குபீரென்று ஏறுகிறது. இராத்திரியில் ஓயவேண்டிய இருதயம் ஓடுகிறது. இது வருஷக்கணக்காய் நடந்தால் பகலிலும் இரத்தக் கொதிப்பு நிலைத்துவிடுகிறது. இருதயத் துடிப்புத் தாளம் தவறுகிறது. பாரிசவாயுவும் மாரடைப்பும் வர ஏதுவாகிறது.

அமெரிக்காவில் மேயோ வைத்தியசாலையைச் சேர்ந்தவர்கள், முன்பு தூக்கப் பரிசோதனை செய்துகொண்டு, பின்பு இருதயக் கோளாறால் திடீரென்று இறந்த 112 பேர்களின் கணக்கை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். இந்த வியாதி இருந்தவர்களில் 100-க்கு 46 பேர் நடு இரவுக்கும் காலை 6 மணிக்கும் மத்தியில் இறந்திருக்கிறார்கள். இல்லாதவர்களில் அந்நேரத்தில் இறந்தவர்கள் 100-க்கு 21 பேரே. யமன் என்பவன் தொண்டை அடைக்கிறவன் வீட்டுக்கு மாத்திரம் இராத்திரியில் அதிகமாய் வருவானேன்? இது விதியா, தொண்டையா?

தோழர்களே! நாமும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர்தான். நமது வாழ்க்கைத் துணைவியார், "உங்களுக்கு மூச்சே நின்றுபோகிறது, மூக்கடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்" என்று எத்தனையோ தடவை சொன்னார். ஊருக்கெல்லாம் பகுத்தறிவு சொல்லும் நாம், "பெண்பிள்ளைகள் பயம்" என்று தள்ளிவிட்டோம். மூன்று மாத்திரை தின்றும் கொதிப்பு இறங்காத பிறகே பரிசோதித்தோம். மணிக்கு 34 தடவை! தூங்குகிறவனுக்குத் தன் வியாதி தெரியாது. பக்கத்தில் விழித்திருப்பவர்தான் சாட்சி. அந்தச் சாட்சியை நாம் இத்தனை வருஷம் விசாரிக்கவே இல்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம்.

குறட்டை விடுகிறவர்களுக்கெல்லாம் இந்த வியாதி என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் நடுவில் மூச்சு நின்று திணறுவது, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம், மருந்துக்கு அடங்காத கொதிப்பு, இவை இருந்தால் டாக்டரிடம் போய்த் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். தாய்மார்களுக்கும் இது உண்டு. மாதவிடாய் நின்றபின் ஜாஸ்தி. பெண் குறட்டை விட்டால் அவமானம் என்று மறைக்காதீர்கள்.

பரிகாரம் என்ன? உடற்பருமனைக் குறைப்பது, குடியை விடுவது, ஒருக்களித்துப் படுப்பது. கடுமையாயிருந்தால், மூக்கில் பொருத்திக் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்பவரும் கூட்டாளிகளும் 1981-ல் வெளியிட்டது. இதையும் மந்திரத் தாயத்தைப்போல் நம்பிவிட வேண்டாம். ஏற்கனவே இருதய வியாதியோ பாரிசவாயுவோ கண்ட 2,717 பேரிடம் சோதித்து 2016-ல் வெளியிட்டதில், கருவியால் மாரடைப்புக் குறைந்ததாகக் காணவில்லை. அவர்கள் அதைச் சராசரி இரவுக்கு 3.3 மணி நேரமே போட்டுக்கொண்டார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். ஆனால் பகல் தூக்கம் தெளிந்தது வாஸ்தவம். கொதிப்பும் ஓரளவு இறங்குகிறதென்று வேறு சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே கொதிப்பு மருந்தை நிறுத்தாமல் இதையும் செய்யவேண்டும்.

ஆதலால் தோழர்களே, நாம் சொல்லுவதற்காக நம்பவேண்டாம். இன்று வீட்டுக்குப் போய், "நான் தூங்கும்போது எப்படி மூச்சு விடுகிறேன்?" என்று பக்கத்தில் படுப்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்டபிறகு சிரிப்பதா, டாக்டரிடம் போவதா என்பதை உங்கள் அறிவுக்கே விட்டு, நமது பேச்சை இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.