பூட்டிய வீட்டைப் பார்த்து எழுதிய அறிக்கை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில், சமூகப்பணித் துறையில் பயின்று நன்னடத்தை அலுவலராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் ஆற்றிய உரை)



"ஏதாவது உபயோகமா பேசுப்பா" என்றார் செயலாளர். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதைவிட உபயோகமானது என்னிடம் இல்லை.

சிறுவர்களுக்கென்று தனிச் சட்டத்தை இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்தது நம் சென்னை மாகாணம்தான், 1920-ல். பிறகு 1986, 2000, 2015 ஆண்டுகளில் மத்தியச் சட்டங்கள் வந்தன. இன்று ஒரு பையனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தினால், 15 நாளுக்குள் அவனைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கை போக வேண்டும். குடும்பம், படிப்பு, வேலை, சிநேகிதம், பழக்கவழக்கம் எல்லாம் அதில் இருக்கும். குற்றம் நடந்ததா என்பதற்குச் சாட்சிகள் உண்டு. இனி இந்தப் பிள்ளையை என்ன செய்வது என்பதற்குத்தான் நம் அறிக்கை. கண்டித்து அனுப்பலாம், கண்காணிப்பில் வீட்டுக்கு விடலாம், மூன்று வருஷம் வரை சிறப்பு இல்லத்திலும் வைக்கலாம். அந்த முடிவுக்கு அறிக்கையையும் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

நான் சொல்லப்போவது 1990-களில் நடந்தது. அப்போது 1986-ஆம் வருஷச் சட்டம். பையனுக்குப் பதினாலு வயசு. சைக்கிள் திருட்டு. பகல் பதினோரு மணிக்கு அவன் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "அப்பன் ஓடிட்டான், ஆத்தா எப்ப வருவாளோ யாருக்குத் தெரியும்" என்றார். கையில் இன்னும் ஆறு கேஸ். "வீட்டில் கண்காணிப்பு இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டேன். அவனைச் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள்.

ஒரு மாசம் கழித்து அவன் அம்மா என்னைத் தேடி வந்தார். சத்தம் போடவில்லை. "ஐயா, விடியக்காலை மூணு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போயி மூட்டை பிரிக்கிறேன். மூணு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவேன். அதுக்கப்புறம் அவன் என் கண்ணு முன்னாடிதான் இருப்பான். நீங்க சாயங்காலம் ஒரு நடை வந்திருக்கக் கூடாதா?" என்றார்.

என்ன பதில் சொல்வது? மறுபடி எழுதிப் பார்த்தேன், மேலதிகாரிகளைப் பார்த்தேன். அவன் வீடு திரும்ப ஒன்பது மாசம் ஆயிற்று. அதற்குள் பள்ளிக்கூடத்தில் பேரை எடுத்துவிட்டார்கள். அவன் மறுபடி படிக்கவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கதவு பூட்டியிருந்தால் "பூட்டியிருந்தது, இத்தனை மணிக்கு" என்று மட்டும் எழுதுவேன். வேறு நேரத்தில் மறுபடி போவேன். பக்கத்து வீட்டார் சொன்னதை அவர்கள் சொன்னதாகவே எழுதுவேன், என் முடிவாக எழுத மாட்டேன். வாத்தியாரைப் பார்ப்பேன், வேலை கொடுத்தவரைப் பார்ப்பேன். கடைசியாகப் பையனிடமே, "உன்னைப் பத்தி நான் என்னப்பா எழுதணும்?" என்று கேட்பேன். அதற்கு அவன் சொல்கிற பதில் பல சமயம் எங்கள் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் அடங்காது. அதையும் தனியாக எழுதிவிடுவேன்.

மாணவச் செல்வங்களே, களப்பணிக்குப் போகிறவர்கள் நீங்கள். வேலைப்பளு இருக்கும், ஜீப் இருக்காது, மழை வரும். அதெல்லாம் அறிக்கையில் தெரியாது. நீங்கள் எழுதுகிற அந்த ஒரு வரி மட்டும்தான் தெரியும். அதை எழுதுவதற்கு முன்னால் சாயங்காலம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.