கோடைப் பயணமும் குழந்தையின் அரைச் சீட்டும்

 



பள்ளிகளில் தேர்வுகள் முடிகின்றன. மதுரையில் வெயில் ஏறுகிறது. வீட்டிலுள்ள பிள்ளைகள் "இந்த லீவுக்கு எங்கே அத்தா போகிறோம்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இக்கேள்வியைத் தட்டிக் கழிக்க வேண்டியதில்லை. மார்க்கம் பயணத்தைத் தடுக்கவில்லை. மக்கத்துக் குறைஷிகளின் மாரிக்காலப் பயணத்தையும் கோடைக்காலப் பயணத்தையும் தன் அருட்கொடையாகச் சுட்டிக் காட்டி, அதற்கு நன்றியாகத் தன்னை வணங்குமாறு அல்லாஹ் ஸூரா குறைஷில் கட்டளையிடுகின்றான். பூமியில் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் அழைக்கின்றது. எனவே போகலாமா என்பதன்று கேள்வி. எப்படிப் போவது என்பதே கேள்வி.

பயணம் ஓர் உரைகல்

அரபியில் பயணத்திற்கு 'ஸஃபர்' என்று பெயர். அச்சொல்லின் வேரில் 'வெளிப்படுத்துதல்' என்ற பொருள் இருக்கிறது. மனிதனின் மறைந்திருக்கும் குணங்களை வெளிப்படுத்துவதால் அதற்கு அப்பெயர் வந்தது என்று உலமாக்கள் விளக்குவார்கள். ஒருவரைப் பற்றி நற்சாட்சி கூற வந்தவரிடம் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள், நீர் அவருடைய அண்டை வீட்டாரா, அவருடன் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறீரா, அவருடன் பயணம் செய்திருக்கிறீரா என்று கேட்டார்கள். மூன்றுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தபோது, அப்படியானால் நீர் அவரை அறியவில்லை என்று கூறிவிட்டார்கள். தொழுகையில் நிற்பதைப் பார்த்து மட்டும் மனிதரை எடை போட முடியாது என்பது அவர்கள் கற்பித்த பாடம்.

வீட்டில் ஒரு வருடம் பழகினாலும் தெரியாத நம் குணத்தை, ஒரே ஒரு ரயில் பயணத்தில் நம் பிள்ளைகள் தெரிந்து கொள்கிறார்கள்.

திட்டமிடுதல் தவக்குலுக்கு மாற்றமன்று

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். ஆகவே முன்கூட்டியே திட்டமிடுவது ஈமானுக்குக் குறையன்று. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு தொடங்குகிறது. மே மாதப் பயணத்திற்கு மார்ச்சிலேயே அமர்ந்து பேசிவிட வேண்டும்.

திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே 1875-ஆம் ஆண்டிலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் மதுரைக்கு வந்த பயணி இப்னு பதூதா, இவ்வூரில் கொள்ளைநோய் மக்களைக் கொண்டு சென்றதைக் கண்டு எழுதினார். அவர் பட்ட சிரமங்களோடு ஒப்பிட்டால் நமக்குக் கிடைத்திருப்பது எவ்வளவு பெரிய நிஃமத்!

நான்கு நாட்கள் போதும் என்போருக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. மதுரையிலிருந்து திண்டுக்கல் வழியாகத் திருச்சி, அங்கிருந்து தஞ்சாவூர், பிறகு திருவாரூர் வழியாக நாகூர். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. திருவாரூரிலிருந்து காரைக்குடி வரையிலான அகலப் பாதை 2019-இல் திறக்கப்பட்டது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை ஊர்களைப் பார்த்துக் கொண்டே காரைக்குடி வந்து, மானாமதுரை வழியாக மதுரையை அடையலாம். இப்பாதையில் வண்டிகள் குறைவு. எனவே நாளையும் நேரத்தையும் முதலிலேயே விசாரித்துக் கொள்ளுங்கள்.

எதைக் காட்டுவது? திருச்சியில் 1951-இல் தொடங்கப்பட்ட ஜமால் முஹம்மது கல்லூரியின் வாசலில் பிள்ளைகளை நிறுத்துங்கள். ஊர் பெரியவர்கள் தம் செல்வத்தைக் கல்வியில் போட்டதைச் சொல்லுங்கள். தஞ்சையில் சரஸ்வதி மகால் நூலகத்தைக் காட்டுங்கள். ஓலைச் சுவடியில் எழுத்தைக் காத்தவர்களின் உழைப்பைப் பிள்ளைகள் அறியட்டும். நாகூரில் 131 அடி உயர்ந்து நிற்கும் பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தார் என்ற வரலாற்றைக் கூறுங்கள். பிற சமயத்தாரோடு நம் முன்னோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அந்த மினாராவே சொல்லும். ஜியாரத்தின் ஒழுக்கம் பேணி, கேட்பதை அல்லாஹ்விடமே கேளுங்கள்.

தொழுகையை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுங்கள்

வண்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தொழுகையை அதற்குள் நுழைக்கப் பார்ப்பதே நம்மில் பலரின் வழக்கம். இதைத் தலைகீழாக்குங்கள். ஃபஜ்ரைத் தொழுதுவிட்டுக் காலை வண்டியில் புறப்பட்டால் லுஹருக்கு வெகு முன்பே திருச்சியை அடைந்துவிடலாம். மே மாதத்தில் லுஹர் நேரம் ஏறத்தாழ 12.20-க்குத் தொடங்கி, ஹனஃபி மத்ஹபின்படி நாலரை மணி வரை நீள்கிறது. சற்று யோசித்தால் பெரும்பாலான தொழுகைகளை ஊர்ப் பள்ளிவாசல்களிலேயே ஜமாஅத்தாகத் தொழலாம்.

கஸ்ரு பற்றிப் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் ஏறத்தாழ 77 கிலோ மீட்டர் தூரம் செல்லும் எண்ணத்துடன் புறப்படுபவரே முஸாஃபிர். மதுரையிலிருந்து திண்டுக்கல் ஏறத்தாழ 65 கிலோ மீட்டர்தான். அங்கு மட்டும் சென்று திரும்புபவர் முழுமையாகவே தொழ வேண்டும். திருச்சி ஏறத்தாழ 155 கிலோ மீட்டர். திருச்சியை நாடிப் புறப்பட்டவர் வழியில் திண்டுக்கல்லில் இறங்கினாலும் கஸ்ராகத் தொழுவார். ஆனால் மதுரை ரயில் நிலையம் ஊருக்குள் இருப்பதால் அங்கே கஸ்ரு கிடையாது; ஊரின் குடியிருப்புகளை வண்டி தாண்டிய பிறகே அச்சலுகை தொடங்கும். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்கு ரக்அத்துகளையும் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபினர் பயணத்தில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபிகளுக்கு அந்த அனுமதி இல்லை.

வண்டியிலேயே தொழ நேர்ந்தால் கிப்லாவை முன்பே அறிந்து வையுங்கள். திருச்சி நோக்கிச் செல்கையில் அது பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். தஞ்சைக்குச் செல்கையில் பின்பக்கம். திருவாரூரிலிருந்து காரைக்குடிக்கு வருகையில் வலப்பக்கம். இயன்றவரை நின்றே தொழுங்கள். பிறர் நடக்கும் வழியை மறித்துத் தொழாதீர்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆவை விட்டுவிட்டுப் புறப்படும்படி சீட்டு எடுக்காதீர்கள்.

அரைச் சீட்டில் தோற்கும் ஈமான்

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். ரயிலில் ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காதவரை சீட்டு தேவையில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருந்து, தனிப் படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம். படுக்கை வேண்டுமென்றால் 2016 முதல் முழுக் கட்டணம்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? "யாராவது கேட்டால் நாலு வயசு என்று சொல்லு" என்று ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அன்று காலைதான் அதே பிள்ளையை மக்தபுக்கு அனுப்பி, பொய் பேசுவது பாவம் என்று ஓத வைத்திருப்போம். ஒரு தாய் தன் குழந்தையை "வா, ஒன்று தருகிறேன்" என்று அழைத்தபோது, என்ன தர எண்ணினாய் என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம் பழம் என்றார் அத்தாய். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். வெறும் அழைப்புக்கே இந்தக் கணக்கு என்றால், பிள்ளையின் வாயாலேயே பொய்யைச் சொல்ல வைப்பதற்கு என்ன கணக்கு?

இது அரசாங்கத்தின் பணம்தானே என்று சிலர் எண்ணுகின்றனர். தனி மனிதரின் உரிமையைப் பறித்தால் அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்கலாம். பொதுப் பணத்தில் கோடிக்கணக்கான மக்களின் உரிமை கலந்திருக்கிறது. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? இப்படிச் சீட்டின்றிப் பயணம் செய்தவர் வருந்தித் தவ்பா செய்வதுடன், அதே தொகைக்கு ஒரு சீட்டு வாங்கி, அதைப் பயன்படுத்தாமல் கிழித்துவிட வேண்டும் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் வழி கூறியிருக்கிறார்கள். அவ்வழியாகப் பணம் உரிய இடத்திற்கே போய்ச் சேர்கிறது.

பெற்றோர்களே! அரைச் சீட்டில் மிச்சமாவது சில நூறு ரூபாய். இழப்பதோ, பிள்ளை நம் சொல்லின் மீது வைத்திருந்த நம்பிக்கை. அதைத் திரும்ப வாங்க எந்த நிலையத்திலும் சீட்டு விற்பதில்லை. முழுப் பணம் கொடுக்க வசதி இல்லையென்றால் ஓர் ஊரைக் குறைத்துக் கொள்ளுங்கள். வட்டிக்குக் கடன் வாங்கி ஊர் சுற்றாதீர்கள்.

பக்கத்து இருக்கையின் உரிமை

ஸூரா நிஸாவின் 36-ஆம் வசனம் பெற்றோர், உறவினர், அநாதைகள், அண்டை வீட்டார் ஆகியோரோடு, பக்கத்தில் இருக்கும் தோழருக்கும் நன்மை செய்யச் சொல்கிறது. பயணத்தில் அருகில் அமர்பவரும் அவர்களில் சேர்வார் என விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். அவர் எந்தச் சமயத்தவர் என்று மார்க்கம் கேட்கவில்லை. முதியவருக்குக் கீழ்ப் படுக்கையை விட்டுக் கொடுங்கள். நடுப் படுக்கையை இரவு பத்து மணிக்கு முன் விரிக்காதீர்கள். கைபேசியை உரக்க வைக்காதீர்கள். உண்ட இடத்தைத் துடைத்துவிட்டு எழுங்கள்.

வீட்டுப் பெண்களையும் எண்ணிப் பாருங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டையும் கட்டிக் கொண்டு, பிள்ளைகளையும் சுமந்து வரும் தாய்க்கு அது விடுமுறையா? ஒருவரை அமீராக நியமித்துக் கொள்ளுங்கள் என்பது நபிவழி. அமீர் என்பவர் உத்தரவு போடுபவர் அல்லர். பெட்டியைத் தூக்குபவர், கடைசியில் உண்பவர்.

பயணம் உறக்கத்தையும் உணவையும் பறிக்கும் வேதனையின் ஒரு பகுதி என்றும், வேலை முடிந்ததும் விரைந்து வீடு திரும்புமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். ஸூரா ஸுக்ருஃபில் வரும் பயண துஆவை ஓதிப் புறப்படுங்கள். திரும்பியதும் மஹல்லாப் பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுங்கள். முஸாஃபிரின் துஆ ஏற்கப்படும் என்பதால், பயணம் போக வழியில்லாத அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் வழியில் துஆச் செய்யுங்கள். அவர்களுக்கும் ஏதேனும் வாங்கி வாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை ஸலாமத்தானவையாகவும், நம் நாவுகளை உண்மையானவையாகவும், நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.