ஆண் மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை: வீட்டுக்கு வந்த பிறகு என்ன?



இன்றைக்குப் பேசப் போகிற விஷயம் நம்ம வீடுகளில் யாரும் சத்தமாகப் பேசாத ஒன்று. ஆண்களுக்கு மார்பகம் பெரிதாவது. மருத்துவத்தில் இதை கைனகோமாஸ்டியா என்பார்கள். பருவ வயதில் நிறையப் பையன்களுக்கு இது வரும். பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானாகவே குறைந்துவிடும். குறையாதவர்களில் சிலர் அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார்கள். செய்யலாமா வேண்டாமா என்பதை டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். நான் பேசப் போவது, செய்துகொண்டு வீட்டுக்கு வந்த பிறகு நடக்கும் விஷயங்களைப் பற்றி.

முதலில் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருத்தரிடமாவது சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இந்த ஆபரேஷனுக்குப் பல இடங்களில் அன்றைக்கே, இல்லாவிட்டால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால், "ஃப்ரெண்ட் ரூம்ல ரெண்டு நாள் இருந்துட்டு வந்துடலாம், அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்று தோன்றும். பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளானவருக்கு, யார் முன்னாலும் சட்டையைக் கழற்றாமலே வளர்ந்தவருக்கு, அந்தக் கூச்சம் ஒரே நாளில் போகாது. புரிகிறது. ஆனால் முதல் இரண்டு ராத்திரி தனியாக மட்டும் இருக்காதீங்க.

ஏன் என்றால், இந்த ஆபரேஷனுக்குப் பிறகு கவனிக்க வேண்டிய முக்கியமான சிக்கல், தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்து தேங்குவது. பெரும்பாலும் முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று புடைத்து, கல்லு மாதிரி இறுகிப்போகும். மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போகும். டியூப் வைத்திருந்தால் அதில் புது ரத்தம் வேகமாக நிறையும். இப்படி இருந்தால் "விடியட்டும் பார்க்கலாம்" என்று படுக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்துவிட்டு உடனே கிளம்புங்கள். மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, ஒரு கால் மட்டும் கெண்டைப் பகுதியில் வீங்கி வலித்தாலோ நேராக 108. ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களுக்குப் பதிலாக அந்தப் போனைச் செய்ய ஒரு ஆள் பக்கத்தில் இருக்கணும், அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் வீங்குவது வேறு கதை. அது எல்லாருக்கும் வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் அதிகமாகி, பிறகு மெல்ல வடியும். கன்றிப்போன நீலநிறம் வயிறு வரை இறங்கி, பச்சையாகி மஞ்சளாகி மறையும். பயப்பட வேண்டாம்.

டியூப் வைத்தவர்கள் தினமும் எத்தனை மில்லி வருகிறது என்று போனிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் டாக்டர் டியூபை எடுப்பார்.

இனி பிரஷர் வெஸ்ட். மார்பை இறுக்கிப் பிடிக்கும் பனியன் மாதிரியான இந்த உடையைப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் வரை போடச் சொல்வார்கள். வீக்கம் வடியவும், தோல் உள்ளே ஒட்டவும், நீர் கோக்காமல் இருக்கவும் இது உதவுகிறது. நம்ம ஊர் வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு இருப்பது கொடுமைதான், மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சித்திரை வைகாசியைத் தவிர்த்துவிட்டு மார்கழி, தை பக்கம் தேதி வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஒன்றுக்கு ரெண்டு வெஸ்ட் வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். வியர்த்து ஊறிய வெஸ்ட்டோடு நாள் முழுக்க இருந்தால் தோல் புண்ணாகிவிடும். மூச்சு விடவே சிரமமாக இறுக்கினால் அளவு சரியில்லை என்று அர்த்தம், டாக்டரிடம் காட்டுங்கள்.

கொஞ்ச நாளைக்குத் தலைப்பக்கம் தலையணையை உயர்த்தி, மல்லாந்து படுக்கணும். குப்புறப் படுக்கவே கூடாது. டி-சர்ட்டுக்கு லீவு கொடுத்துவிட்டு, முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போடுங்கள், கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டாமே. அதே காரணத்துக்காகப் பஸ்ஸில் நின்றுகொண்டு மேல் கம்பியைப் பிடிப்பதும் கூடாது. வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. அதைத் தூக்கிக் கவிழ்க்கும் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். சிலிண்டரும் அப்படித்தான். நடப்பது மட்டும் முதல் நாளிலிருந்தே நல்லது. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம். மூட்டை தூக்குபவர், கட்டட வேலை செய்பவர், ஜிம்முக்குப் போகிறவர் எல்லாம் டாக்டர் சரி என்று சொல்லும் வரை, பொதுவாக 4 முதல் 6 வாரம், பொறுக்கத்தான் வேண்டும். பைக்? டியூப் எடுத்து, திடீர் பிரேக் போட்டாலும் மார்பில் வலி இல்லை என்ற நிலை வந்த பிறகு.

சாப்பாடு விஷயத்தில் பாட்டியோடு ஒரு சின்னச் சண்டை வரும். கத்தரிக்காய் சேர்க்காதே, முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும், மீன் ஆகாது என்பார்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே ஒத்துக்கொள்ளும் முட்டை, மீன், பருப்பு, பயறு எல்லாம் சாப்பிடலாம். பாட்டியைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் தையல் மேல் மஞ்சள் பத்து மட்டும் போட விடாதீங்க. சிகரெட், குட்கா, ஹான்ஸ் எதுவும் கூடாது. நிக்கோடின் ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயம் ஆறுவதைக் கெடுக்கும். வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை மட்டும் போடுங்கள். மெடிக்கலில் நீங்களாகவே ஆஸ்பிரின், புரூஃபென் கேட்டு வாங்கினால் ரத்தக் கசிவு கூடலாம்.

போன் இங்கே உண்மையிலேயே உதவும். தினமும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். தையலைச் சுற்றிச் சிவப்பு பரவுகிற மாதிரி தெரிந்தால் அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் வடிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. படங்கள் குடும்பத்தில் எல்லாரும் பார்க்கும் கேலரியில் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு அபிப்பிராயமும் கேட்காதீர்கள். அவசரமில்லாத சந்தேகம் என்றால் 104-க்கு அழைக்கலாம், இ-சஞ்சீவனி மூலம் வீடியோவில் அரசு டாக்டரிடம் பேசலாம். அப்போது டிஸ்சார்ஜ் சம்மரி போனில் இருந்தால் வேலை சுலபம்.

பத்தாம் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு "காசும் போச்சு, அப்படியேதான் இருக்கு" என்று மனசு உடைகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் நீங்கள் பார்ப்பது வீக்கத்தை. உண்மையான வடிவம் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். காம்புப் பகுதி மரத்துப்போய் இருப்பதும் மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும்.

ஒன்று விட்டுப்போச்சு. எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கு அபூர்வம், ஆனால் வராது என்று இல்லை. தையல் பிரிக்கவோ காயத்தைக் காட்டவோ போகிற அன்றைக்கே அந்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி, ஒரு படம் எடுத்துப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.