குழியுளியும் பிடிகருவியும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தயிர் கடைதலும் மரங் கடைதலும் தமிழில் ஒரு சொல்லாலேயே வழங்குகின்றன. இரண்டிடத்தும் சுழற்சியே தொழிலாதலின் என்க. ஆயின் தயிரில் மத்துச் சுழலும். கடைசலிலோ மரம் சுழல, உளி கையில் நிற்கும். ஆதலின் கடைசற்காரர் கல்வி உளியின் வாயில் அடங்கியுள்ளது. கூரிய உளி மரநாரை அறுக்கும். மழுங்கிய உளி அதனைப் பிய்க்கும். பிய்ந்த மரத்தில் அரக்கு ஒழுங்காகப் பற்றாது. அம்பாசமுத்திரத்துச் சொப்புகளும் சென்னபட்டணத்துப் பொம்மைகளும் கொண்ட வழவழப்புக்கு உளிக்கூர்மையே அடிப்படையாம்.

தட்டையுளியைத் தீட்டுதல் எளிது. வாய் வளைந்த குழியுளியைத் தீட்டுதல் அரிது. என்னை? அதனை உருட்டிக்கொண்டே தீட்டல் வேண்டும்; உருட்டும்போது சாய்வுங் கெடலாகாது. சாய்வு கெடின் ஒரே சரிவாக இருக்கவேண்டிய இடம் பல முகங்களாய் உடையும். எஃகும் வீணே தேயும். முதியோர் இதனை மணிக்கட்டின் பழக்கத்தாற் செய்தனர். அவர் மறையுங்கால் அச்சாய்வும் உடன் மறைகின்றது. இதுவே நம் கவலை.

இதற்கு மேனாட்டார் கண்ட துணை 'ஜிக்' என்னும் பிடிகருவி. சுவீடன் தேசத்தில் 1973-ஆம் ஆண்டில் தோன்றிய டார்மெக் நிறுவனத்தார் நீரில் நனைந்து மெல்லச் சுழலும் சாணையையும், அதற்கேற்ற பிடிகருவிகளையும் செய்து பரப்பினர். உலர்சாணைக்கு உரியனவும் உள. உலர்சாணைக்குரிய ஒருவகையில், பிடி உளியை இறுக்கிக்கொள்ளும். அதன் காம்பின் நுனி சாணைக்குக் கீழுள்ள ஒரு குழியில் ஊன்றி நிற்கும். உளியை இடமும் வலமும் அசைத்தால் வளைந்த வாய் முழுவதும் முறையாகக் கல்லிற் படியும்.

இங்கு நினைவிற் கொள்ளத்தக்க அளவுகள் மூன்று: பிடிக்கு முன்னே உளி நீண்டிருக்கும் அளவு, காம்பின் சாய்வு, ஊன்றுகுழிக்கும் கல்லுக்கும் உள்ள தூரம். கல் தேயுந்தோறும் இம்மூன்றாவதைச் சரிபார்த்தல் வேண்டும். கிண்ணங் குடையும் உளிக்கு 40 முதல் 45 பாகை வரை சாய்வு பெரும்பாலும் பொருந்தும். சரிவில் மை தடவி, சாணையைக் கையால் ஒருமுறை சுழற்றுக. மை முழுதும் அழியின் சாய்வு சரி. ஒருபுறம் மட்டும் அழியின் திருத்துக. பொறி பறக்குமிடத்துக் கண்ணாடி அணிதல் மறவற்க.

நிற்க. பழைய கரி எஃகு உளி சூட்டால் நீலம் பாயின் வன்மை இழக்கும். அடிக்கடி நீரில் நனைத்தல் வேண்டும். 1900-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் டெய்லர், ஒயிட் என்னும் இருவர் ஆய்வால் உருவான ஹைஸ்பீடு எஃகோ வெப்பந் தாங்கும். சுட்டதைத் தண்ணீரில் திடீரென அமிழ்த்தின் நுண்வெடிப்புக் காணலாம். மரக்காணத்து உப்பளக் காற்றில் வாழும் நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. உப்பீரம் தீட்டிய வாயை விரைவில் துருவேற்றும். வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் பூசி வைத்தல் வேண்டும்.

"கருவியை நம்பினாற் கைத்திறன் அழியாதோ?" என்று பெரியோர் சிலர் வினவுவர். வாய்மொழியாய் வந்த நூல்களை ஏட்டில் எழுதியதனாற் கல்வி அழிந்ததில்லை; எழுதாதுவிட்டனவும் படியெடுக்காதுவிட்டனவுமே அழிந்தன. பிடிகருவி உளியின் சாய்வைக் காக்கும் ஏடு. கடையும் திறனோ என்றும் கையினதே.

ஆதலின் மூத்த தொழிலாளர் தம் உளிகளின் அளவுகளை இளைஞர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள இடந்தருக. இளைஞர் கேட்டெழுதுக. சங்கத்தார் பொதுவில் ஒரு சாணையும் பிடிகருவியும் வைக்க முயல்க. காலந் தாழ்த்தற்க, கேட்பதற்கு உரியோர் இன்று நம்மிடையே இருக்கின்றனர்.