ரைட்சியஸ்: பதற்றத்தைப் பாடிய இளைஞன்

இன்று ஒரு ராப் பாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். பெயர் 'ரைட்சியஸ்'. பாடியவர் ஜூஸ் வேர்ல்ட் என்று உலகம் அறிந்த அமெரிக்க இளைஞர் ஜராட் ஹிக்கின்ஸ். 2020 ஏப்ரல் 24ஆம் தேதி இந்தப் பாட்டு வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. 2019 டிசம்பர் 8ஆம் தேதி, 21ஆம் பிறந்தநாள் கழிந்து ஆறே நாளில், சிகாகோவின் மிட்வே விமான நிலையத்தில் வலிப்பு வந்து விழுந்தார்; மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. ஆக்சிகோடோன், கோடீன் என்ற இரண்டு மருந்துகளின் நச்சே காரணம், தற்செயலாக நேர்ந்த மரணம் என்று மருத்துவ விசாரணை முடிவு சொன்னது.

பாட்டில் அந்தக் கோடீனின் பெயரே வருகிறது. அதனால் பலரும் இதை ஒரு முன்னறிவிப்பாகவே கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாவைத் தெரிந்துகொண்டு கேட்டால் ஒவ்வொரு வரியிலும் சாவுதான் கேட்கும். ஆனால் லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டு ஒலிக்கூடத்தில் மைக் முன்னால் நின்றவர் உயிருள்ள மனிதர். தன் நெஞ்சுக்குள் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் அவர் பாடினார்.

எப்படிப் பாடினார் என்பது முக்கியம். எழுதி வைக்காமல் தாளம் ஓட ஓட வார்த்தை கட்டுவதில் ஜூஸ் வேர்ல்ட் பெரிய கெட்டிக்காரர். 2018இல் பிரிட்டிஷ் வானொலித் தொகுப்பாளர் டிம் வெஸ்ட்வுட்டின் நிகழ்ச்சியில் ராப் பாடகர் எமினெமின் தாளங்களை ஓடவிட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் விடாமல் பாடியிருக்கிறார். அந்தப் பழக்கத்தின் சாயல் இந்தப் பாட்டிலும் இருக்கிறது. ஒரு நினைப்பு முடிவதற்குள் அடுத்தது வந்து தோளில் தட்டுகிறது. மனப்பதற்றம் உள்ளவர்களுக்கு இந்த ஓட்டம் நன்றாகத் தெரியும். ஆனால் கீழே கிட்டார் அவசரமே இல்லாமல் ஒரே சுற்றில் மெதுவாகச் சுழல்கிறது. வார்த்தைகள் தத்தளிக்க, இசை நிதானமாக நிற்கிறது. இந்த முரண்தான் பாட்டின் உயிர் என்பேன். பதற்றத்தைக் காட்ட வேகத் தாளம் போடுவது எவருக்கும் தோன்றும் வழி. இந்தப் பாட்டின் இசையை உருவாக்கிய நிக் மிராவும் சார்லி ஹேண்ட்சமும் அந்த வழியில் போகவில்லை.

தொடக்கத்தில் விலையுயர்ந்த வெள்ளை உடை வருகிறது. ராப் பாட்டுக்கே உரிய பகட்டு என்று அதைத் தள்ளிவிட வேண்டாம். அடுத்த மூச்சிலேயே கையில் மாத்திரைகள், கட்டிலருகே நிரம்பி வழியும் கோடீன். பைபிளின் 23ஆம் சங்கீதத்தில் நிரம்பி வழியும் பாத்திரம் கடவுளின் அருளைச் சொல்வது. பக்தியுள்ள தாய், வீட்டில் ராப் கேட்கக்கூடாது என்று கட்டுப்படுத்தி வளர்த்த பிள்ளை, அதே பாத்திரத்தில் மருந்தை ஊற்றிக் காட்டுகிறான். எனக்கு இந்த இடம் ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

பல்லவியில் தன் பதற்றத்தை ஒரு கோளின் அளவுக்குப் பெரிதாக்கிச் சொல்கிறார். மனம் பட்ட சேதத்தைச் சரிசெய்யத்தான் மருந்து என்கிறார். பொறி இங்கேதான் இருக்கிறது. ஆக்சிகோடோனும் கோடீனும் ஓபியாய்டு வகை வலி மருந்துகள். சிறிது நேரம் மனசும் அடங்கும். பிறகு உடம்பு பழகிவிடும், அதே அமைதிக்குக் கூடுதல் அளவு கேட்கும். கிடைக்காத வேளையில் பழைய பதற்றம் இன்னும் பெரிதாகத் திரும்பும். இரண்டு மருந்தும் சேர்ந்து அளவு மீறினால் மூச்சே அடங்கிவிடும். நோய்க்கு எடுத்த மருந்து இரண்டாவது நோயாகும் இந்தச் சுழலை, உபதேசம் இல்லாமல், இரக்கம் கேட்காமல், உள்ளே நின்றபடியே பாடுகிறார். போதையை அழகாக்குகிறதே என்று பெற்றோர் சிலர் அஞ்சலாம். அந்த அச்சம் நியாயமானது. இனிமையான மெட்டு எதையும் இனிமையாக்கிவிடும். ஆனால் இந்தக் குரலில் கொண்டாட்டம் இல்லை, களைப்புதான் இருக்கிறது.

இறந்தவர்களின் பதிவுகளைத் தேடி எடுத்து, விருந்தினர் குரல்களை ஒட்டி வெளியிடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. 2020 ஜூலையில் வந்த 'லெஜண்ட்ஸ் நெவர் டை' தொகுப்பிலும் அப்படிச் சில பாட்டுகள் உண்டு. அதே தொகுப்பில் உள்ள 'ரைட்சியஸ்' தனிக்குரலில் நிற்கிறது. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

மகன் மருந்துக்கு அடிமைப்பட்டுப் போராடியதைத் தாய் கார்மெலா வாலஸ் மறைக்கவில்லை. மகன் இறந்த சில நாட்களிலேயே அதை வெளிப்படையாகச் சொன்னார். 'லிவ் ஃப்ரீ 999' என்ற நிதியத்தையும் தொடங்கினார். மனநலச் சிக்கலிலும் போதைப் பழக்கத்திலும் தவிக்கும் இளைஞர்களுக்கு உதவுவது அதன் வேலை. இந்தப் பாட்டை வெளியிட்டபோது குடும்பத்தார் விடுத்த அறிக்கையிலும் அந்த நிதியத்தை நினைவூட்டியிருந்தார்கள். பாட்டு ஏறக்குறைய நான்கு நிமிடம்தான். வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இருந்தால், சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். கேட்டு முடித்ததும் முதலில் பிள்ளையைப் பேச விடுங்கள்.