நலம் கேட்பதற்கு ஓர் ஆள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் முழங்கிச் சென்ற இம்மேடையில், பள்ளி இறுதி வகுப்போடு ஏட்டுக் கல்வியை முடித்துக்கொண்டு இரயில்வே எழுத்தனாகக் காலம் கழிக்கும் என்னையும் பேச அழைத்திருக்கிறீர்கள். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. ஆதலால், நம் குடியிருப்பில் இப்போது வீட்டுக்கு வீடு பேசப்படும் செய்தி ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

நம் பிள்ளைகள் பி.யூ.சி. முடித்துக் கல்லூரிகளில் சேர்ந்து வருகிறார்கள். அவர்களுள் சிலர், “மாணவர் மன்றத்தில் மாணவர் நலச் செயலாளர் பொறுப்புக்கு நிற்கப் போகிறேன்” என்கிறார்கள். பெற்றோர் திகைக்கிறார்கள். “படிக்க அனுப்பினோமா, அரசியல் செய்ய அனுப்பினோமா?” என்று சினக்கின்றனர் சிலர். “வேற்றூரில் பிழைக்க வந்தவர்கள் நாம், நமக்கெதற்கு இந்த வம்பு?” என்று அஞ்சுகின்றனர் சிலர். அந்தச் சினமும் அச்சமும் காரணமற்றவை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், அவற்றைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் பொறுப்பு யாது, அதனால் யாருக்குப் பயன் என்று எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

அச்சத்தின் காரணத்தை முதலில் பார்ப்போம். கல்லூரித் தேர்தல் என்றாலே கட்சிக் கொடியும் கைகலப்பும் என்ற நிலை பல மாநிலங்களில் இருந்தது. கருநாடகத்திலும் 1980களின் இறுதியோடு கல்லூரிகளில் நேரடித் தேர்தல் பெரும்பாலும் நின்றுபோயிற்று. அதன்பின் பல கல்லூரிகளில் முதல்வரும் ஆசிரியரும் பொறுக்கி எடுத்தவர்களே மாணவர் தலைவர்களாக இருந்து வந்தனர். எனினும் இதே பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்திலும் தேசியச் சட்டப் பள்ளியிலும், மாணவர்கள் தம் பேராளர்களைத் தாமே தேர்ந்தெடுக்கும் முறை உண்டு. 2025ஆம் ஆண்டில், மாநிலம் முழுவதும் மீண்டும் தேர்தல் வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. ஆகவே இது நம் வீட்டு வாயிலுக்கு வந்து நிற்கும் கேள்வி.

மாணவர் மன்றம் என்பது சொற்போருக்கு மட்டும் உரிய இடமன்று. 1884ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மாணவர் பேராளர் அவை ஒன்று தோன்றியது. மாணவர் குறைகளை நிருவாகத்தின் முன் வைப்பது அதன் பணி. ஐந்தே ஆண்டுகளில், 1889ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய அவைகளுக்கு இடம் தந்தது. மாணவனும் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பு. அவன் குரலுக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது.

நம் இரயில்வேயில் இது புதுமையன்று. நிருவாகமும் தொழிற்சங்கமும் ஒரே மேசையில் அமர்ந்து குறைகளைப் பேசித் தீர்க்கும் நிலையான பேச்சுவார்த்தை அமைப்பு 1952 முதல் நம்மிடம் உண்டு. 2024 டிசம்பரில், எந்தச் சங்கம் நமக்காகப் பேசுவது என்று மறைவாக்குச் சீட்டு மூலம் நாமே தீர்ப்பளித்தோம். நமக்குத் தேர்தல் ஆகும். நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஆகாதா?

மேலும் நம்மிடம் நல ஆய்வாளர் என்று ஒருவர் இருக்கிறார். “வெல்பேர் இன்ஸ்பெக்டர்” என்றால் நம் தாய்மார்களுக்கு உடனே விளங்கும். பணியில் இருக்கையில் கணவன் இறந்துவிட்டால், அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் வந்து, “அம்மா, இந்தத் தாளில் கையெழுத்திடுங்கள், இந்தச் சான்றிதழை வாங்கி வையுங்கள், ஓய்வூதியத்துக்கு நான் எழுதுகிறேன்” என்று சொல்பவர் அவர். அவர் கையில் அதிகாரம் அதிகமில்லை. எந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். எத்தனையோ குடும்பங்களை அந்த அறிவு காப்பாற்றியிருக்கிறது. கல்லூரியில் மாணவர் நலச் செயலாளர் செய்ய வேண்டுவதும் ஏறக்குறைய இதுவே.

இதன் தேவையை நான் ஏட்டில் படித்து அறியவில்லை, கண்ணால் கண்டேன். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாளை உங்களுள் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வடகிழக்கு மாநிலத்தவர் இந்நகரில் தாக்கப்படுவர் என்ற வதந்தி கைபேசிச் செய்திகளால் பரவியது. ஆயிரக்கணக்கானோர் நகர இரயில் நிலையத்தில் வந்து குவிந்தனர். கௌஹாத்திக்குச் சிறப்பு வண்டிகள் விடப்பட்டன. அக்கூட்டத்தில் கல்லூரி மாணவர்களும் மிகுதி. தோளில் ஒரு பையோடு நின்ற இளைஞன் ஒருவனிடம், “தம்பி, உன் கல்லூரியில் யாரிடமாவது கேட்டாயா?” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் வினவினேன். “யாரைக் கேட்பது என்று தெரியவில்லை, ஐயா” என்றான். தேர்வு நெருங்குகிறது என்பதும் அவனுக்குத் தெரியும். வதந்தி பொய்யாக இருக்கலாம் என்பதும் தெரியும். யாரைக் கேட்பது என்பது மட்டும் தெரியவில்லை! வண்டியேறிப் போய்விட்டான்.

1991 டிசம்பரில் இந்நகரில் விளக்கணைத்து இரவுகளைக் கழித்த குடும்பங்கள் இந்த அவையிலும் உண்டு. அயலூரில் அச்சம் வந்தால் மனம் என்ன பாடுபடும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆதலால்தான், அந்த இளைஞனின் விடை இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

சரி, நலச் செயலாளராக வரும் மாணவர் என்னதான் செய்ய முடியும்? அவர் திறந்துவிடக் கூடிய கதவுகள் சிலவற்றைச் சொல்கிறேன். பெற்றோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ராகிங் கொடுமை. 1996ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட செய்தி தமிழ்நாட்டையே உலுக்கிற்று. அதன் விளைவாகத் தமிழ்நாடு 1997இல் ராகிங்கைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்றியது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. 1800-180-5522 என்ற எண்ணில் புகார் கூறலாம். ஆயினும் விடுதிக்குப் புதிதாக வந்த பிள்ளைக்கு அந்த எண்ணை யார் சொல்வது? சொன்ன பின்பு, “பயப்படாதே, நான் உடன் வருகிறேன்” என்று யார் துணை நிற்பது?

இரண்டாவது, பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு. 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கக் கல்லூரிதோறும் உள்ளகக் குழு ஒன்று வேண்டும். மாணவர் தொடர்பான புகாராயின், வெளிப்படையான தேர்தல் முறையில் தெரிந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர் அதில் இடம்பெற வேண்டும். பாருங்கள்! தேர்தல் என்றாலே தீமை என்று நாம் அஞ்சுகிறோம்; பெண்களைக் காப்பதற்கென்றே சட்டம் ஒரு தேர்தலைக் கேட்கிறது.

மூன்றாவது, மனத்துயர். உடல் நோவைச் சொல்லும் பிள்ளை மன நோவைச் சொல்வதில்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருத்தல் வேண்டும் என்று நெறி வகுத்தது. இதற்கு முன்பே, 2022 அக்டோபர் 10ஆம் நாள், டெலி-மானஸ் என்னும் தொலைபேசி உதவி தொடங்கிற்று. அதற்கு நடுநாயகமாய் விளங்குவது நம் ஓசூர்ச் சாலையிலுள்ள நிமான்ஸ் மருத்துவமனையே. 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

கதவுகள் இத்தனை இருந்தும் தட்டுவோர் குறைவு. வழி தெரியாமையும் நாணமும் இடையே நிற்கின்றன. வயதொத்த ஒருவர் அருகில் அமர்ந்து, “சாப்பிட்டாயா? ஊரில் அம்மா நலமா?” என்று கேட்டால் அந்த நாணம் கரையும். முதல்வர் அறையில் கரையாதது விடுதித் திண்ணையில் கரைந்துவிடும். அதனாலேயே நலம் கேட்பவர் மாணவராகவே இருத்தல் வேண்டும் என்கிறேன்.

இனி, நிற்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். தேர்தல் எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதற்கு இன்று வரையறை உண்டு. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ அவர்கள் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது. அச்சிட்ட சுவரொட்டி கூடாது. கையால் எழுதியதே ஆகும். வகுப்புக்கு 75 விழுக்காடு வருகை வேண்டும். அவ்வாண்டில் பாடம் எதுவும் நிலுவை இருத்தல் கூடாது. நிருவாகிப் பதவிக்கு ஒரு முறைதான் நிற்கலாம். முடிவு வந்த இரண்டு கிழமைகளுக்குள் செலவுக் கணக்கைக் காட்ட வேண்டும். படிப்பு கெடும் என்று அஞ்சும் பெற்றோரே, படிக்காதவன் நிற்கவே முடியாது என்பதைக் கவனியுங்கள்.

இதைப் படித்தபோது எனக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு ஆள் தெரிந்த முறையைக் கூறுகின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிப்பார்கள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அண்மை மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவனுக்கும் இடமில்லை. நிலமும் மனையும் இல்லாதவர்களை அம்முறை விலக்கி வைத்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்தக் குறை இன்று நீங்கியிருக்கிறது. ஆனால், பொறுப்புக்கு வருபவன் கணக்குக் காட்ட வேண்டும், பதவியைப் பற்றிக்கொண்டே இருத்தலாகாது என்ற எண்ணம் ஆயிரத்து நூறு ஆண்டுகளாய் நம் கல்லில் எழுதப்பட்டிருக்கிறது!

ஆகவே, தம்பிமீர், தங்கையீர்! வாக்குக் கேட்கப் போகும் முன் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வள்ளுவப் பெருந்தகை கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பத்து நாள் விடுதியில் நடந்து கேளுங்கள். குடிநீர் எத்தனை மணிக்கு நிற்கிறது, உதவித்தொகை விண்ணப்பம் எந்தச் சான்றிதழால் தடைப்படுகிறது, எந்த அறையில் யார் பேசாமல் இருக்கிறார் என்று அறியுங்கள். கட்டணத்தைக் குறைப்பேன், தேர்வைத் தள்ளி வைப்பேன் என்று கையில் இல்லாததை வாக்களிக்காதீர்கள். “கிழமையில் இரண்டு மாலை, இன்ன இடத்தில் இருப்பேன்; கேட்ட குறைக்கு ஏழு நாளில் விடை சொல்வேன்” என்று சொல்லுங்கள். சொன்னதைச் செய்யுங்கள்.

ஒருவர் நம்பிச் சொன்னதை மற்றவரிடம் பரப்பாதீர்கள். ஆனால், உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் அதை மறைத்து வைப்பது நட்பாகாது. அப்பொழுதே ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ சேர்ப்பியுங்கள். நீங்கள் வழிகாட்டும் பலகை, மருத்துவர் அல்லீர். எல்லாச் சுமையையும் தனியே தாங்க முற்பட்டால் உங்கள் உறக்கமும் படிப்பும் கெடும். உங்களுக்கும் நலம் கேட்க ஒருவர் வேண்டும்.

தோற்றால் என் செய்வது? நம் குடியிருப்புப் பெண்ணொருத்தி சென்ற ஆண்டு நின்று தோற்றாள். வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. ஆனால், தேர்தலுக்கு முன் அவளிடம் மனம் திறந்த பிள்ளைகள் இன்றும் அவளைத் தேடி வருகிறார்கள். வென்றவளும் அவளைத் துணைக்கு அழைத்துக்கொண்டாள். ஆசாமியைப் பார்த்துத்தானே அவர்கள் வருகிறார்கள். பதவியைக் கேட்டா வருகிறார்கள்?

பெற்றோரே! “வேற்றூரில் நமக்கெதற்கு?” என்ற கேள்விக்கு என் விடை இதுதான். வேற்றூரில் வாழ்பவன்தான் வேற்றூரானின் தவிப்பை அறிவான். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளர்ந்தவர்கள். மைசூரிலிருந்து வந்த பிள்ளைக்கும், மதுரையிலிருந்து வந்த பிள்ளைக்கும், மணிப்பூரிலிருந்து வந்த பிள்ளைக்கும் இடையே அமர்ந்து பேச அவர்களைவிடத் தக்கவர் யார்? அவர்களைத் தடுக்காதீர்கள். எதற்காக நிற்கிறாய், எப்படிச் செய்வாய் என்று மட்டும் அழுத்திக் கேளுங்கள்.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். ஞாயிறுதோறும் மாலை இரண்டு மணி நேரம் நம் நூலக அறையை மாணவர்களுக்கு ஒதுக்குங்கள். உதவித்தொகைத் தாள்களை நிரப்பிக் கொடுக்க என்னைப் போன்ற எழுத்தர் நால்வர் கிடைப்போம். தாள் நிரப்புவது எங்கள் தொழில். அதற்கு அஞ்ச மாட்டோம். இந்த நகரில் படிக்க வரும் எந்தப் பிள்ளையும், எம்மொழி பேசுவதாயினும், யாரைக் கேட்பது என்று தெரியாமல் வண்டியேறிப் போகும் நிலை இனி வரலாகாது.



வளர்க நம் சங்கம்!